அப்பாவின் எடை

அப்பாவைக் கீழே போட்ட அன்று அவனுக்குப் பதினாறு வயது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பாத்ரூம் வாசலில்தான் அது நடந்தது. குறுகலான வாசல். சக்கர நாற்காலி உள்ளே நுழையாது. கதவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அப்பாவின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, கட்டிப்பிடித்தபடியே நாலடி உள்ளே நடத்தி, கமோடில் உட்கார வைக்க வேண்டும். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டி வந்த நாளிலிருந்து அம்மாதான் அதைச் செய்துகொண்டிருந்தாள். அன்று விடிந்தபோது அம்மாவால் பாயை விட்டு எழ முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒருக்களித்துப் படுத்துச் சுவரைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ படும்மா, நான் பாத்துக்கறேன்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னது அவன்தான்.

அப்பா இருபது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். வாட்டசாட்டமான உடம்பு. அவர் சீட்டில் உட்கார்ந்தால் பின்னால் இருக்கிறவர்களுக்கு ரோடே தெரியாது என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்ட பிறகும் அந்த உடம்பு அப்படியேதான் இருந்தது. அவனோ பள்ளிக்கூடத்தில் 'குச்சி'. வருகைப் பதிவின்போது வாத்தியார்கூட ஒருநாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, பிறகு வகுப்போடு சேர்ந்து சிரித்திருக்கிறார். பெல்ட்டில் கடைசி ஓட்டையும் போதாமல் ஆணியால் தானே இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டவன்.

அன்று அப்பாவை அவன் தூக்கி நிறுத்திவிட்டான். அதை அவனே எதிர்பார்க்கவில்லை. ஆனால் நின்ற உடம்பு மெல்ல அவன்மேல் சாய்ந்ததும், சுவரே சரிந்து வருவது போல இருந்தது. முட்டி மடங்கியது. அப்பாவின் வலது கை கதவைப் பிடிக்கப் பார்த்துத் தவறியது. இரண்டு பேரும் ஈரத் தரையில் விழுந்தார்கள். அவன் கீழே, அப்பா மேலே.

அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் அப்பாவை அங்கிருந்து எழுப்ப அவனால் முடியவில்லை. முன்னால் நின்று இழுத்தான். பின்னால் உட்கார்ந்து தள்ளினான். அப்பாவின் இடுப்பில் இருந்த துண்டு அவிழ்ந்து போய்விட்டது. அதை எடுத்துப் போர்த்தினால் மறுபடி இழுக்கும்போது நழுவியது. இடையில் அதற்குமேல் அடக்க முடியாமல் அப்பாவுக்குச் சிறுநீர் போய்விட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னடா சத்தம்?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"ஒண்ணுமில்லம்மா. வாளி."

அம்மா நம்பவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து எட்டிப் பார்த்தாள். கை வாய்க்குப் போனது. "கீழ்வீட்டுத் தம்பியைக் கூட்டிட்டு வா, ஓடு" என்றாள்.

கீழ்வீட்டில் இருந்தவர் ஒரு எலக்ட்ரீஷியன். டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டே படியேறி வந்தார். பின்பக்கமாக நின்று, இரண்டு கையையும் அப்பாவின் மார்புக்குக் குறுக்கே கோத்து ஒரே தூக்காகத் தூக்கிவிட்டார். கட்டிலில் கொண்டுவந்து சேர்த்த பிறகு, அறையில் யாருமே பேசாமல் நிற்பதைப் பார்த்து, சூழ்நிலையைச் சரிசெய்ய நினைத்தாரோ என்னவோ, "அண்ணே, உங்களத் தூக்க இவன் எங்க பத்துவான்? ஃபேனைக் கொஞ்சம் வேகமா வெச்சா இவனே பறந்துடுவான்" என்றார். அவரே சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், "ஏதாவதுன்னா கூப்பிடுங்கக்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு அப்பா அவனைப் பக்கத்தில் கூப்பிட்டார். பேச்சு அவருக்குக் குழறும். ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவர வேண்டும்.

"இனிமே... யாரையும்... கூப்பிடாத."

"சரிப்பா."

"சத்தியமா?"

"சத்தியமாப்பா."

அம்மாவைப் பார்த்த டாக்டர், முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது, இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். பத்து நாள் படுக்கைக்குப் பிறகு இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு அவள் பழையபடி துணிக் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே சட்டைக்குக் காலர் தைக்கிற வேலை அவளுக்கு. அவள் போகாவிட்டால் வீடு நடக்காது. ஆக அப்பாவைத் தூக்குகிற வேலை அவன் தலையில் விழுந்தது. காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால், மாலையில் வந்த பிறகு. பகலில் அப்பா வலது கையாலேயே பாட்டிலை எடுத்துச் சமாளித்துக்கொள்வார். மதியச் சாப்பாட்டை அம்மா டப்பாவில் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில், ஜன்னலை ஒட்டிய ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவாள்.

முதல் சில வாரம் அப்பாவைக் கட்டிப்பிடித்து நிற்கிற நேரமெல்லாம் தொடை வெடவெடவென்று ஆடும். அப்பாவும் அதை உணர்வார். வலது கையால் எதையாவது பிடித்து, வலது காலை ஊன்றி, தன் பாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளப் பார்ப்பார். உட்கார வைத்த பிறகு இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்போதுதான் அவன் உடம்பை ஏற்ற முடிவு செய்தான்.

போனில் தேடினால் இதற்கென்றே ஆயிரம் பேர் கடை விரித்து வைத்திருந்தார்கள். மலை மாதிரி மார்பு வைத்திருந்த ஒருவன், ஜிம் எதற்கு, வீட்டில் இருப்பதை வைத்தே ஆளாகலாம் என்றான். அது பிடித்துப்போயிற்று. மொட்டை மாடியில் யாரோ போட்டிருந்த பெயிண்ட் வாளிகள் இரண்டைக் கழுவி எடுத்து வந்தான். அதில் தண்ணீரை நிரப்பித் தூக்கினான். புத்தகப் பையைத் திணித்து முதுகில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தான். மாடிப்படிக்கு அடியில் ஓடுகிற இரும்புக் குழாயில் தொங்கினான். தொங்க மட்டும்தான் முடிந்தது, மேலே போகவில்லை. தண்டால் எடுக்கப் போய் மூன்றாவதிலேயே மூக்கு தரையில் இடித்துக்கொண்டது.

வீட்டில் இடம் இருந்தது முன்னறையில் மட்டும்தான். அங்கேதான் அப்பாவின் கட்டில். அதனால் அவன் படுகிற பாட்டையெல்லாம் அப்பா பார்த்தபடி கிடந்தார். முதல் நாள் மூக்கில் அடிபட்டு அவன் எழுந்து உட்கார்ந்தபோது கட்டிலில் இருந்து புஸ் புஸ் என்று ஒரு சத்தம் வந்தது. அப்பாவுக்கு மூச்சுத் திணறுகிறதோ என்று பதறி ஓடினான். சிரித்துக்கொண்டிருந்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு பக்க உதடு மட்டும் மேலே போக, மறுபக்கம் சும்மா இருந்தது.

"எண்ணறேன்... எடு" என்றார்.

அன்றிலிருந்து எண்ணுவது அப்பாவின் வேலை. வாய்க்குப் பயிற்சி வேண்டும், எதையாவது சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள் என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருந்தார்கள். ஒன்று, இரண்டு சுலபமாக வந்துவிடும். ஏழில்தான் வண்டி நின்றுவிடும். நாக்கு மடியாது. 'ஏ... ஏ...' என்று அவர் முயன்றுகொண்டிருக்கிற நேரமெல்லாம் அவன் கை நடுங்க, பாதி எழுந்த நிலையிலேயே நிற்க வேண்டும்.

"சீக்கிரம் சொல்லுங்கப்பா, கை போச்சு!"

"இரு... டா. ஏ... ஏது."

"ஏதோ ஒண்ணு, ஏழுன்னே வெச்சுக்கறேன்!"

சமையலறையில் இருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள்.

உடம்பு ஏற வேண்டுமானால் சாப்பிட வேண்டும் என்று அந்த மலைமார்புக்காரன் சொன்னான். முட்டை, பால், பருப்பு, வேர்க்கடலை. அவன் கேட்காமலேயே அம்மா முட்டை வாங்கி வந்தாள். மூன்று பேருக்கும் வாங்கியது எப்படியோ இவன் தட்டுக்கே வந்து சேர்ந்தது. மாலையில் வாளியை இறக்கி வைத்துவிட்டு வியர்வையோடு அவன் உட்காரும்போது, அப்பா டப்பாவின் மூடியை நீட்டுவார். அதில் மதியத்து அவித்த முட்டை முழுசாக இருக்கும்.

"நீங்க சாப்பிடலையா?"

"நாத்தம்... பிடிக்கல. நீ தின்னு."

அவனுக்கு அந்த நேரத்தில் இருந்த பசிக்குக் கல்லைக் கொடுத்திருந்தாலும் கடித்திருப்பான். இரண்டு வாயில் முட்டை உள்ளே போய்விடும். டப்பாவில் மற்றதெல்லாம் காலியாக இருக்கும். அதனால் சந்தேகப்படவும் ஒன்றுமில்லை.

மாதங்கள் போகப் போக அவனுக்குள் ஏதோ நடந்தது. சட்டை தோளில் இறுக்கியது. ஆணியால் போட்ட ஓட்டைகள் தேவையில்லாமல் போயின. இரும்புக் குழாயில் தொங்கியவன் ஒருநாள் தாடையைக் குழாய்க்கு மேலே கொண்டுபோய், அங்கேயே சில நொடி நின்று, யாரும் பார்க்கவில்லையே என்று ஏமாந்தும் போனான். பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரன் அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "டேய், குச்சி கட்டையாயிட்டான்டா!" என்று கத்தினான். அன்று முழுக்க அவன் கால் தரையில் பாவவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பாவைத் தூக்குவது சுலபமாகிக்கொண்டே வந்தது. முதலில் தொடை நடுங்குவது நின்றது. பிறகு மூச்சு வாங்குவது நின்றது. ஒரு காலை, அப்பாவை நிறுத்தி வைத்தபடியே, "ஒரு கையாலகூடத் தூக்கிடுவேன் போலருக்கேப்பா" என்றான்.

"ம்... பலசாலி" என்றார் அப்பா, அவன் தோளுக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு.

அப்பாவின் முகம் ஒட்டிப்போயிருந்ததை அவன் பார்க்காமல் இல்லை. படுத்தே கிடக்கிறவர் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டான். சட்டை எதுவும் தொளதொளவென்று தொங்கவும் இல்லை. அப்பாவின் விலாவில் கை வைக்கும்போது விரலுக்கு எலும்பு தட்டுப்பட்டது. தன் பிடி இறுகியிருக்கிறது என்றுதான் அதற்கு அவன் அர்த்தம் செய்துகொண்டான்.

ஒரு சனிக்கிழமை மதியம் எலக்ட்ரீஷியன் மாடியேறி வந்தார். அம்மா கம்பெனியில் இருந்தாள். அரைநாள் பள்ளிக்கூடம் முடிந்து அப்போதுதான் வந்திருந்த அவன்தான் கதவைத் திறந்தான்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காத. உங்க ஜன்னலுக்கு வெளியில புறாவுக்குத் தீனி போடறீங்களா?"

"இல்லையேண்ணா."

"என் ஸ்கூட்டர வந்து பாரு. சீட்டு, ஹேண்டில் பாரு, ஒரு இடம் பாக்கியில்லாம எச்சம். தெனமும் பகல் நேரத்துல கூட்டமா வந்து உங்க ஜன்னல் திண்டுலதான் எறங்குதுங்க. எங்க வீட்டுக்காரி துடைச்சுத் துடைச்சு அலுத்துப்போய் இன்னிக்கு என்னை அனுப்பிட்டா."

"நாங்க போடலண்ணா. வேற வீடாயிருக்கும்."

"சரி, பாத்துக்க" என்று அவர் இறங்கிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினான். அப்பா கண்ணை மூடியிருந்தார். கண்ணிமை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. தூங்குகிறவருடைய இமை அப்படித் துடிக்காது.

அவன் ஜன்னலண்டை போய்க் கம்பிக்கு வெளியே எட்டிப் பார்த்தான். சிமெண்ட் திண்டு முழுக்கச் சோற்றுப் பருக்கை. காய்ந்தது, பாதி காய்ந்தது, இன்றைக்குப் போட்டது. பருப்பு வழிந்து மஞ்சள் மஞ்சளாகக் கறை. கம்பியின் இடைவெளி அப்பாவின் வலது கைக்கு எட்டும் தூரம்தான். ஸ்டூலில் டப்பா காலியாக, கழுவி வைத்தது போல இருந்தது. மூடியில் முட்டை மட்டும் முழுசாக.

கட்டில் பக்கம் திரும்பினான்.

"அப்பா."

இமை இன்னும் இறுகியது.

"அப்பா, தூங்கலன்னு தெரியும். கண்ணத் தெறங்க. எத்தன நாளா இது?"

அப்பா கண்ணைத் திறந்தார். "பசிக்கல" என்றார்.

"ஆறு மாசமாவா பசிக்கல?"

அப்பா கூரையைப் பார்த்தார். வலது கை போர்வையைப் பிடித்துப் பிடித்து விட்டது. வார்த்தையைத் தேடுகிறார் என்று அவனுக்குத் தெரியும். காத்திருந்தான்.

"உன் கால்... நடுங்குச்சு. அப்ப. தெனமும். கொறைஞ்சா... உனக்கு... சுலபம்."

அவன் காலி டப்பாவைப் பார்த்தான்.

"சாப்பிட்டா... போகணும். போனா... நீ கழுவணும்." அப்பாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. "பதினாறு வயசுப் புள்ள... அப்பனுக்கு..." அதற்குமேல் அவருக்கு வரவில்லை.

"நான் பலசாலி ஆயிட்டேன்னு நெனச்சேன்ப்பா!" என்று அவன் கத்தினான். அவன் சொல்ல நினைத்தது அதுவல்ல. ஆனால் வாயில் வந்தது அதுதான். "ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொன்னேன், எங்கப்பாவ நான் ஒருத்தனே தூக்கறேன்னு. நீங்க என்னடான்னா பட்டினி கெடந்து... முட்டையையும் எனக்கே குடுத்து... நானும் மாடு மாதிரி தின்னுட்டு..."

பக்கத்தில் இருந்த வாளியைக் காலால் உதைத்தான். நிரப்பி வைத்திருந்த தண்ணீர் கட்டிலுக்கு அடியில் எல்லாம் ஓடியது. உதைத்தவன்தான் பிறகு துணியை எடுத்துக்கொண்டு முட்டி போட்டுத் துடைக்கவும் வேண்டியிருந்தது. துடைக்கும்போது அழுதான். கட்டிலுக்கு அடியில் இருந்ததால் அப்பாவுக்கு அவன் முகம் தெரியவில்லை. சத்தம் கேட்டிருக்கும்.

மாலையில் அம்மா வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினான். அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லாததுதான் அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"சோத்தை வெளிய போடறது தெரியாது. எளைச்சது தெரியும். காலையிலயும் ராத்திரியும் ரெண்டு வாயோட போதும்பாரு" என்றாள். "ரெண்டு தடவை உங்கப்பா சட்டையெல்லாம் எடுத்துட்டுப் போய்க் கம்பெனியில புடிச்சுத் தெச்சுட்டு வந்தேன். ஒனக்குத் தெரிஞ்சா நீ பயந்துடுவியேன்னு. ஏதோ பெரிய வியாதி உள்ள இருந்து அரிக்குதுன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா அதைச் சொல்லிடுவாங்களோன்னு பயம். இன்னிக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம்னு தள்ளிக்கிட்டே வந்தேன்." பிறகு அப்பாவின் கட்டில் பக்கம் திரும்பினாள். "நான் தெனமும் விடியக்காலையில எழுந்து பொங்கிப் போட்டது புறாவுக்கா? ஏங்க, புறாவுக்கா?"

அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மா எழுந்து போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கிய கை அங்கேயே நின்றுவிட்டது. தோளெலும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாற்காலியோடு எடை போடுகிற மேடையில் அப்பாவை ஏற்றி, நாற்காலியின் எடையைக் கழித்துச் சொன்னார்கள். பக்கவாதம் வந்தபோது தொண்ணூற்றொன்று. இப்போது அறுபத்தெட்டு. டாக்டர் ஒரு இளம்பெண். தாளைப் பார்த்தவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"வீட்ல இவருக்குச் சாப்பாடு குடுக்கறீங்களா இல்லையா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவன்தான் நடந்ததைச் சொன்னான். டாக்டரின் குரல் இறங்கிவிட்டது. அப்பாவின் வலது தொடையை, நல்ல காலின் தொடையை, இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். "இதைப் பாருங்க. விழுந்த கால விடுங்க, நல்ல காலும் கரைஞ்சு போச்சு. வெளியில இருந்து சாப்பாடு வரலைன்னா உடம்பு தன் சதையையே எடுத்துத் தின்னும். ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இந்நேரம் இந்தக் கால ஊனி, எதையாவது பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னிருப்பாரு. நிக்க வேண்டிய நேரத்துல இப்படி ஆயிடுச்சே." பிறகு அப்பாவிடம் குனிந்து, "முட்டை உங்களுக்குத்தான் மொதல்ல. புரியுதா?" என்றார்.

டாக்ஸியில் திரும்பும்போது அவன் முன் சீட்டில் உட்கார்ந்து, மடியில் கிடந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு யாருடைய கைகளோ மாதிரி இருந்தன. எந்தச் சதை முட்டையால் வந்தது, எந்த முட்டை அப்பாவுடையது என்று மனம் கணக்குப் போடப் பார்த்தது. போட முடியாத கணக்கு.

அதன் பிறகு அவன் வாளியைத் தொடவில்லை. ஆனால் அதனால் அப்பா சாப்பிட்டுவிடவும் இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிக்கொள்வார். மூன்றாவதற்கு உதட்டை இறுக்கிக்கொள்வார். கெஞ்சினாள், திட்டினாள், ஒருநாள் தட்டைக் கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அப்பா அசையவில்லை. பஸ் ஓட்டிய காலத்திலும் அவர் அப்படித்தான். ஒரு பாதையைப் பிடித்துவிட்டால் யார் கத்தினாலும் திருப்ப மாட்டார்.

அப்பாவின் பிடிவாதம் எங்கே இருக்கிறது என்று யோசித்து யோசித்து, அது சோற்றில் இல்லை என்று அவனுக்குப் பட்டது. தூக்குகிற ஆள் அவன் ஒருவன்தான் என்கிற வரைக்கும் அவர் சாப்பிடப் போவதில்லை. அவன் எவ்வளவு தடித்தாலும் அவர் அதற்கு ஏற்ற மாதிரி இளைத்துக்கொண்டே இருப்பார். அப்படியானால் செய்ய வேண்டியது ஒன்றுதான். இன்னொரு ஆளைக் கூப்பிடுவது. ஆனால் கூப்பிட மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறான். எலக்ட்ரீஷியனின் அந்த ஃபேன் பேச்சும் உள்ளே முள்ளாக இருந்தது.

எலக்ட்ரீஷியன் மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி, புறாவை வெரட்டியாச்சு போல. வண்டி சுத்தமா இருக்கு."

"அண்ணா... ஒரு உதவி."

"சொல்லு."

சொன்னான். புறாவில் தொடங்கி, எடை மேடை வரைக்கும். சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்துவிட்டார்.

"காலையில நான் கெளம்பறதுக்கு முன்னாடி வந்து தூக்கி விடறேன். சாயங்காலம் நீ பாத்துக்க. என்னிக்காச்சும் ஒனக்கு முடியலன்னா அதுக்கும் வர்றேன். இதக் கேக்கவா இத்தன மாசம்?"

"அப்பா யாரையும் கூப்பிடக்கூடாதுன்னு சொன்னாரு. நீங்க வந்தா திட்டுவாரு."

"திட்டட்டுமே. பேச்சு வந்தா நல்லதுதானே" என்றவர், கொஞ்சம் தயங்கி, "நான் அன்னிக்கு ஏதாவது ஏடாகூடமா சொல்லிட்டேனா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா" என்றான்.

மறுநாள் காலை அவர் வந்தபோது அப்பா திட்டவில்லை. அதுதான் மோசம். அவரைப் பார்த்தார், பின்னால் நின்ற மகனைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். தூக்கும்போதும், உட்கார வைக்கும்போதும், திரும்பக் கொண்டுவந்து படுக்க வைக்கும்போதும் கண்ணைத் திறக்கவே இல்லை. மூடிய கண்ணில் இருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. எலக்ட்ரீஷியன் அதைப் பார்க்காதவர் போல, மின்வெட்டைப் பற்றியும் அவர் வேலைக்குப் போகிற வீட்டில் நாய் துரத்தியதைப் பற்றியும் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "அப்பா" என்றான். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க அப்பா அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவிடம் 'தண்ணி', 'போர்வை' என்று கேட்பார். அவன் எதிரில் வந்தால் சுவர்ப்பக்கம் முகம் திரும்பிவிடும். தன்னைக் காட்டிக்கொடுத்தவன் என்று நினைக்கிறார் என்று அவனுக்குப் புரிந்தது. தான் செய்தது சரியா என்று அவனுக்கே தெரியவில்லை. ராத்திரி அம்மாவிடம், "தப்புப் பண்ணிட்டேனாம்மா?" என்று கேட்டான். அம்மா, "இன்னிக்கு அரைத் தட்டு சாப்பிட்டாரு" என்று மட்டும் சொன்னாள்.

அந்த அரைத் தட்டு முக்கால் தட்டாவதற்கு இரண்டு வாரம் பிடித்தது. எலக்ட்ரீஷியனின் கதைகளுக்குப் பதில் சொல்கிற மாதிரி அப்பாவிடமிருந்து ஒரு 'ம்' வந்தது. நாய் துரத்திய கதையின் அடுத்த கட்டத்தை, "அப்புறம்?" என்று அவரே ஒருநாள் கேட்டுவிட்டார். மகனோடு மட்டும் பேச்சில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டை அவன்தான் கொண்டுபோய் வைத்தான். வைத்துவிட்டுத் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"வாளி... எங்க?"

"மாடியில போட்டுட்டேன்."

"ஏன்?"

"இனிமே எடுக்கல. உங்க சாப்பாட்டத் தின்னு வளர்ந்த ஒடம்பு வேணாம் எனக்கு."

அப்பா வலது கையை நீட்டி அவன் முன்கையைப் பிடித்தார். கட்டை விரலால் அந்தச் சதையை அழுத்திப் பார்த்தார். வண்டி எடுப்பதற்கு முன் பஸ் டயரை அவர் தட்டிப் பார்ப்பதை அவன் சின்ன வயதில் கண்டிருக்கிறான், அந்த மாதிரி.

"இது... நல்லா... இருக்கு" என்றார். "விடாத."

"நீங்க சாப்பிடுவீங்களா?"

அப்பா டப்பாவில் இருந்த முட்டையை எடுத்தார். அவனைப் பார்த்துக்கொண்டே கடித்தார். மென்றார். பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நாற்றம் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை போலிருக்கிறது. ஆனாலும் முழுதையும் தின்று முடித்தார். ஒரு கிளாஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு, "மோசம்" என்றார்.

அவன் மாடிக்குப் போய் வாளிகளை எடுத்து வந்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அம்மாவின் இடுப்பு மழைக்காலத்தில் மறுபடி பிடித்துக்கொண்டது. அப்பாவின் இடது கை அப்படியேதான் கிடந்தது. பஸ் கம்பெனியில் இருந்து இரண்டு பேர் வந்து, இனி அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று முழுக்க அப்பா சாப்பிடவில்லை. அது வேறு பட்டினி என்று தெரிந்ததால் யாரும் வற்புறுத்தவில்லை.

ஆனால் எடை ஏறியது. அவன் கைக்கு அது முதலில் தெரிந்தது. ஒரு மாலை, நாற்காலியில் இருந்து கட்டிலுக்கு மாற்ற அப்பாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். வழக்கமாக வருகிற மாதிரி உடம்பு வரவில்லை. பாதியில் நின்றது. மறந்தே போயிருந்த அந்த நடுக்கம் தொடையில் மறுபடி தொடங்கியது. பயத்தில் அவன் பிடியை இறுக்கினான். அப்பா வலது காலைத் தரையில் ஊன்றினார். அந்தக் கால் உதறியது, ஆனால் மடங்கவில்லை. ஒரு கணம் பாரத்தில் பாதியை அது வாங்கிக்கொண்டதை அவன் உணர்ந்தான். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. இரண்டு பேரும் தொப்பென்று கட்டிலின் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேருக்கும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"கனமா?" என்றார் அப்பா.

"கனம்தான்ப்பா" என்றான். பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

அப்பாவின் முகத்தில் பழைய நிழல் ஒன்று ஓடியது. "கொஞ்சம்... கொறைச்சுக்..."

"வாய மூடுங்கப்பா" என்றான் அவன். அப்பாவிடம் அப்படி அவன் பேசியதே இல்லை. அப்பா திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த ஒரு பக்க உதடு மேலே போனது.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் கனத்தால் என்ன செய்வது, கால் ஊன்றாத நாளில் என்ன செய்வது என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது. தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்த அப்பாவின் உடம்பு கட்டிலை அழுத்தியதில் மெத்தை அவர் பக்கமாகச் சரிந்திருந்தது. அவனும் அந்தப் பக்கமே சரிந்து உட்கார்ந்திருந்தான். நகர்ந்து உட்கார வேண்டும் என்று தோன்றவில்லை.